திருப்பி அனுப்பியதற்கான காரணம்

பெங்களூரு நீலசந்திராவில் ஒரு சந்து வீட்டு நடுவில், பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் புத்தம்புது டேபிள் ஃபேன் ஒன்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்தில் அதன் அட்டைப்பெட்டி. பெட்டியில் ஒட்டியிருந்த பெயருக்கு உரியவர், சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பி, வேலைக்கும் போகாமல் வீட்டுக்கும் வராமல் போனவர். அவர் பெயருக்கு வந்த ஃபேனைத் திருப்பி வாங்கிவரத்தான் நான் போயிருந்தேன். பொதுவாக என்னைத் துக்கம் விசாரிக்கக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. என் வாய் அப்படி.

அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஃபேன் கம்பெனியில் இருந்தேன். பழைய சாஃப்ட்வேரை மூட்டை கட்டிவிட்டு, ஆர்டர், ஸ்டாக், டெலிவரி எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் புதிய சாஃப்ட்வேருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். டேட்டா மைக்ரேஷன் என்று ஊரில் சொன்னால் மாமா எழுந்து நின்று கைகொடுப்பார். உண்மையில் அது வீடு மாற்றுகிற வேலை. எதை ஏற்றுவது, எந்த உடைந்த பக்கெட்டை விட்டுவிட்டுப் போவது என்பதுதான் எல்லாம். எனக்குத் துணையாக, சரக்கு அனுப்பும் பிரிவிலிருந்து ஒரு மேடத்தை உட்காரவைத்திருந்தார்கள். அவர் கணவர் காணாமல் போனது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டார்கள், அவரும்தான்.

பழகிப் பார்ப்பதற்காகப் பொய்யான வாடிக்கையாளர்களை உருவாக்கி, பொய் ஆர்டர் போட்டுப் பார்ப்போம். ஒரே ஒரு விதி: பொய்ப் பெயர்களுக்கு முன்னால் 'இசட் இசட்' என்று போட வேண்டும், கடைசியில் அவற்றை மட்டும் ஒரே வீச்சில் துடைத்தெறிய. நான் 'இசட் இசட் மாமியார் எலெக்ட்ரிக்கல்ஸ்', 'இசட் இசட் தூங்குமூஞ்சி டிரேடர்ஸ்' என்று ஒரு சாம்ராஜ்யமே கட்டியிருந்தேன். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். "உனக்கு வரப்போற பொண்ணு பாவம்ப்பா!" சிரித்தபடியே அவரும் ஒரு வாடிக்கையாளரை உருவாக்கியிருக்கிறார். கணவரின் பெயர், தன் வீட்டு முகவரி, ஒரு டேபிள் ஃபேன். அந்தப் பெயருக்கு முன்னால் மட்டும் 'இசட் இசட்' போட அவருக்குக் கை வரவில்லை. போட்டால் துடைத்துவிடுவார்களே.

அவசரத்தில் மேலிடம், நாங்கள் பழகிப் பார்த்த அந்தப் புதிய சாஃப்ட்வேரிலேயே பொய்களைத் துடைத்துவிட்டு நிஜ ஆர்டர்களை ஓட்டுங்கள் என்றது. என் சாம்ராஜ்யம் ஒரு நொடியில் அழிந்தது. அழியாமல் மிஞ்சிய ஒரே ஆர்டர், வண்டியேறி நீலசந்திராவுக்குப் போய்விட்டது.

மறுநாள் மேடம் வெளிறிப்போய் என் மேஜைக்கு வந்தார். "எங்க அத்தே ஃபேன போட்டுனு எதிர்ல உக்காந்துனுக்கீது. புள்ள அனுப்சான்னு சந்து பூரா சொல்லிட்ச்சி. வாசல் கதவ சாத்த உட மாட்டேங்குது. நீ வந்து கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லுப்பா, எனக்கு வாய் வரல."

போனோம். அந்த அம்மாள் தலைவாரிப் பூ வைத்திருந்தார். எனக்கு டீ வந்தது. வழக்கமாக எனக்கு நூறு வார்த்தை வரும். அன்று நாலைந்து பொறுக்கி எடுத்து, கம்ப்யூட்டர் தவறுதலாக அனுப்பிவிட்டது என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "செரிப்பா, தப்புதான். கம்ப்யூட்டருக்கு எம் புள்ள பேரு எப்டி தெரியும்? இந்த வூட்டு நம்பரு யார் சொன்னாங்க?"

ஃபேன் மேடம் பக்கம் திரும்பி, அவர் முடியைக் கலைத்துவிட்டு என் பக்கம் வந்தது.

"நான்தான் அத்தே எழ்தினேன்," என்றார் மேடம்.

"நீயா? அவன் பேரயா?"

"சும்மா... எழ்தி பாத்தேன்."

அந்த அம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ மறந்துட்டேன்னு நெனச்சினு இருந்தேன்டி. வாயத் தொறந்து ஒரு நாளு அவன் பேரச் சொன்னியா நீ?" பிறகு எழுந்து, அவரே சுவிட்சை அணைத்து, வயரைச் சுற்றி, ஃபேனைப் பெட்டிக்குள் வைத்தார். "எட்த்துனு போப்பா. எம் புள்ள வாங்கி அனுப்ற ஆளா? அவன் கையிலதான் எட்த்துனு வருவான்."

ஆபீஸில் ஃபேனைத் திரும்பப் பதிவு செய்ய, சாஃப்ட்வேர் காரணம் கேட்டது. உடைந்த பொருள், தவறான பொருள், ஆர்டர் ரத்து, வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. 'ரத்து' என்றால் விவகாரம் முடிந்தது. மேடம் கடைசியைத் தேர்ந்தெடுத்தார்.

"மேடம், அதைப் போட்டா ஆர்டர் மூடாது. வந்துட்டாரா, மறுபடி அனுப்பலாமான்னு மாசாமாசம் உங்களையே கேட்டுனு இருக்கும்."

"கேக்கட்டும். நான் பதில் சொல்லிக்கிறேன்."

நான் அந்தக் கம்பெனியை விட்டுப் பல வருடங்களாகிவிட்டன. பல கம்பெனிகளுக்கு வீடு மாற்றிக் கொடுத்துவிட்டேன். யாராவது ஒரு பெயரைக் காட்டி இதைத் தூக்கிவிடலாமா என்று கேட்டால், இப்போதெல்லாம் சட்டென்று வாய் வருவதில்லை. என்னைத் தெரிந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்கிறார்கள். போன வாரம் மேடத்துக்கு போன் செய்தேன்.

"இன்னும் கேக்குதா மேடம்?"

"கேக்குதுப்பா. வூட்ல அத்தையும் இப்பல்லாம் ராத்திரி சாப்புட உக்காந்தா கேக்குது, வந்துடுவான் இல்லன்னு."

"என்ன சொல்றீங்க?"

"ரெண்டுக்கும் ஒரே பதில்தான். இன்னும் வரல, பாப்போம்."