துணி காயவைக்கும் மெஷினும் பக்கத்து வீட்டு மிலாறும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வைகாசியில் தொடங்கும் மழை ஆவணி வரைக்கும் விட்டு விட்டுப் பெய்யும். அந்த நாட்களில் துணி காய்வது என்பது கிடையாது. ஈரம் குறையும், அவ்வளவுதான். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போடுவோம். சட்டை காய்வதற்குள் புகை பிடித்துவிடும். கொட்டகலைக் கடைத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், யார் லயத்து வரிசை வீட்டு ஆள், யார் கடைக்காரர் என்று மூக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

என் மனைவி இரண்டு தடவை குவைத்துக்குப் போய் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். "அங்க வெயில் மண்டையப் பொளக்கும். அப்பயும் துணிய மெஷின்லதான் காயப்போடுவாங்க. இங்க வெயிலே கெடையாது, நாம கயித்துல போடுறோம்" என்பாள். இரண்டாம் தடவை திரும்பி வந்ததும், இனிமேல் கொழுந்து எடுக்கப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மேல் ரோட்டில் ஒரு பழைய பங்களாவை விடுதியாக்கியிருந்தார்கள். அவர்களுடைய படுக்கை விரிப்பு, துவாய் எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து மடித்துக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கினாள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் பழைய சாமான்களைக் கழித்தபோது துணி காயவைக்கும் இந்த மெஷினையும் பிடித்துவிட்டாள். ரோட்டிலிருந்து லயத்துக்குப் படிக்கட்டில் அதை இறக்க ஆறு பேர் போனோம். ஐந்து பேர் தூக்கினோம், ஒருவர் வழி சொன்னார். வழி சொன்னவருக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

வேலை போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் ஹட்டனிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் வாரத்துக்கு இரண்டு தடவை போன் எடுப்பார். "நல்ல வீடு ஒண்ணு வந்திருக்கு, சின்னக் குடும்பம்" என்பார். "இங்க வேலை எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேங்க" என்பாள் இவள். அதைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்காது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் கல்யாணமான புதிதில், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்று கேட்கவே ஒரு வருஷம் எடுத்துக்கொண்டவன் நான். ஆகவே மெஷின் நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இருந்தேன்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை அது சூடு வராமல் நின்றது. உள்ளே உருளை சுற்றுகிறது, சத்தம் வருகிறது, துணி மட்டும் போட்ட மாதிரியே வெளியே வருகிறது. அதற்கு முந்தின வாரமே விரிப்புகள் கொஞ்சம் ஈரமாகப் போய், விடுதிக்காரர் முகம் சுளித்திருந்தார். "சனிக்கிழமை பகல் ஆட்கள் வருகிறார்கள். இந்தத் தடவையும் ஈரமாக வந்தால் டவுனுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று சிங்களத்தில் சொல்லியனுப்பியிருந்தார். பதினாறு விரிப்புகள் ஈரமாகக் கூடையில் கிடந்தன. மனைவி அவற்றைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பயமாக இருந்தது.

டவுனில் மெஷின் திருத்துகிறவருடைய நம்பர் இருந்தது. என்ன பேசுவது என்று தேயிலைப் பெட்டி அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு போன் எடுத்தேன்.

"டிரையருங்களா? தேயில டிரையரா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. துணி."

"எந்தத் தோட்டத்துலங்க துணிக்கு டிரையர் வச்சிருக்காங்க?"

என் அட்டையில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. அவரே இரக்கப்பட்டுத் தொடர்ந்தார். "எனக்கு அந்தப் பக்கம் வர திங்கக்கிழம ஆகும். நீங்களே பாருங்க. மொதல்ல பிளக்கக் கழட்டிருங்க, அத மறந்திராதீங்க. பின்னாடி தகட்டத் தொறந்தா, சூடு போடுற பெட்டி பக்கத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கும். சூடு மிஞ்சினா அது தானா வெட்டிக்கிரும். அமுக்கிவிடுங்க."

சூடு ஏன் மிஞ்சியது என்று கேட்டிருக்க வேண்டும். "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிளக்கைக் கழற்றி, மெஷினை முன்னால் இழுத்து, பின் தகட்டின் ஸ்குரூவைக் கழற்றத் தொடங்கியதும் லயத்தில் பாதி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மழைக்கு வேறு வேடிக்கை இல்லை. தனியாக இருந்தால் எனக்குக் கை ஒழுங்காக வேலை செய்யும். நான்கு பேர் பார்த்தால் பத்து விரலும் கட்டைவிரலாகிவிடும்.

"ஒரு பக்கமா ரெண்டு தட்டுத் தட்டிப் பாருங்க" என்றார் வழி சொல்லி இடுப்பு பிடித்துக்கொண்டவர். அவருடைய டிவி அப்படித்தான் ஓடுகிறதாம்.

"சும்மா இருங்க. தம்பி இருவது வருசமா தேயில தயாரிக்கிற ஸ்டோர்ல டிரையர் வாயில நிக்குது. தேயிலைய காயவைக்கத் தெரிஞ்ச ஆளுக்குத் துணிய காயவைக்கத் தெரியாதா?" என்றார் சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பரா அக்கா. சங்கத்தில் பெண்களுக்குத் தலைவி அவர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவர் வாய் திறந்தால் கணக்கப்பிள்ளை கொப்பியை மூடிவிடுவார். அவர் எனக்காகப் பேசியதும் எனக்கு வேர்த்துவிட்டது. இனித் திருத்தாமல் விட முடியாது.

உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி அடைந்திருந்தது. அதைத் துடைத்து எடுத்தேன். காற்றை வெளியே தள்ளும் விசிறியைக் கையால் தள்ளினேன், நன்றாகச் சுற்றியது. பட்டனும் இருந்தது. அமுக்கினேன், டக்கென்றது. தகட்டை மூடி, பிளக்கைப் போட்டு, நான்கு விரிப்புகளை உள்ளே தள்ளினோம். ஐந்து நிமிஷத்தில் கதவுக் கண்ணாடி சுட்டது. வாசலில் நின்றவர்கள் நானே அதைப் பெற்றெடுத்த மாதிரிப் பேசினார்கள். மனைவி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அரை மணி நேரம் நான் பெரிய மனிதனாக இருந்தேன்.

அரை மணிக்குப் பிறகு மறுபடியும் சூடு நின்றது.

கதவைத் திறந்து ஒரு விரிப்பை எடுத்துப் பிசைந்து பார்த்தேன். கை அறிந்துகொண்டது. ஸ்டோரில் டிரையரின் வெளிக்காற்று சரியாகப் போகாவிட்டால் தேயிலை காயாது. தன் ஈரத்திலேயே வெந்துவிடும். சூடாக இருக்கும், ஆனால் பச்சையாக இருக்கும். இந்த விரிப்பும் அப்படித்தான் வெந்திருந்தது. மெஷினில் கோளாறு இல்லை. ஈரக்காற்று போகிற வழியில் கோளாறு.

மெஷினிலிருந்து காற்று ஒரு வளையும் குழாயில் போய், சமையல் குசினி ஜன்னலில் கண்ணாடி இல்லாத ஓட்டை வழியாகப் பின்பக்கச் சாக்கடைக் கானுக்கு மேலே வெளியேறும். குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். குழாயைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கூரை உயரத்துக்கு மிலாறு அடுக்கியிருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள்தான், எங்கள் அடுப்புகளுக்கு அதுதான் விறகு. மழை படாமல் மேலே உரச்சாக்கு இழுத்துக் கட்டி, குழாயின் வாயைச் சுற்றிக் காற்றுப் போகாதபடி பழைய கம்பளியையும் செருகியிருந்தார்கள். சூடு வீணாகாமல் இருக்கத்தான்.

பார்த்ததும் ஞாபகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் பக்கத்துக் காம்பரா அக்கா என்னிடம், "தம்பி, இந்தச் சூடு சும்மாதானே போகுது, என் வெறக கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சுக்கிறவா?" என்று கேட்டிருந்தார். அடுப்புச் சூட்டில் துணியையும் விறகையும் சேர்த்தே காயவைக்கிற ஆட்கள் நாங்கள். சூடு சும்மா போவதைப் பார்த்தால் எங்களுக்கு மனசு கேட்காது. "வையுங்கக்கா" என்று நானே சொல்லியிருந்தேன். கொஞ்சம் என்று அவர் சொன்னது முழு மலையின் மிலாறு என்று எனக்கு எப்படித் தெரியும்.

நானாக எடுத்து வைக்கலாம் என்று ஒரு குச்சியை இழுத்தேன். "யாரது, எங்க வெறக எடுக்கிறது?" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது. குச்சியைத் திரும்பச் செருகிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முறையாகச் சொல்லலாம் என்று அக்கா வாசலுக்குப் போனேன். "வா தம்பி, மெஷின் நல்லா ஓடுதா? எனக்குத் தெரியும், நீ திருத்திருவேன்னு" என்று சொல்லி உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தார். அடுப்பில் அவருடைய மிலாறு சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது. "பாத்தியா, இந்த மழையிலயும் பொரி மாதிரி காஞ்சிருக்கு. ஒனக்குப் புண்ணியம்." நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

"சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள். நேற்றே அவளிடம் காரணத்தைச் சொல்லியிருந்தேன்.

"தேத்தண்ணி கொடுத்தாங்க."

"நான் போய்ச் சொன்னா சண்டையாயிரும். வைங்கன்னு சொன்னது நீங்க. எடுங்கன்னும் நீங்கதான் சொல்லணும்."

பத்து மணிக்கு மறுபடியும் போனேன். அவர் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவு கழன்றிருந்தது. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவி ஈரமான விரிப்புகளை அடுப்புக்கு மேலே கட்டக் கயிற்றை எடுத்தாள். பங்களா ஆட்கள் புகைவாசத்தில் படுப்பார்களா என்ன. அப்போது போன் மணி அடித்தது. ஏஜென்சிக்காரர். "பின்னேரம் எடுங்க, சொல்லிர்றேன்" என்றாள். எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். ஆனால் 'பாத்துட்டு' என்ற சொல் இந்தத் தடவை அதில் இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் மூன்றாம் தடவை போனேன்.

"என்னா தம்பி, இன்னொரு தேத்தண்ணி வேணுமா?" என்றார் அக்கா.

"அக்கா, அந்த வெறக எடுத்திருங்க" என்றேன். தொடங்கிய பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "கொழாய் அடைச்சிருக்கு. மெஷின் நிக்குது. துணி காயலேன்னா வேலை போயிரும். வேலை போனா அவ குவைத்துக்குப் போயிருவா. ரெண்டு தடவையும் அவ போனப்ப நான் இங்க எப்படி இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும். சோறாக்கி, தின்ன மனசில்லாம ஒங்க கோழிக்குத்தான் போட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாதுக்கா."

இவ்வளவையும் ஸ்டோர் இரைச்சலில் பேசிப் பழகிய குரலில் சொல்லிவிட்டேன். லயத்துக் காம்பராக்களுக்கு இடையில் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஆயுசு என்போம். எங்கள் வீட்டுப் பக்கம் கயிறு கட்டுகிற சத்தம் நின்றது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இத வியாழக்கெழமையே சொல்றதுக்கு என்னா கேடு?" என்றார். "கோழிக்கூட்டத் திருத்திட்டுப் போற பெரிய மனுசன். வா, ஒரு பக்கம் புடி."

இருவருமாக இருபது நிமிஷத்தில் மிலாறு முழுவதையும் அவருடைய பின்பக்க இஸ்தோப்புத் திண்ணைக்கு மாற்றினோம். அவர் கம்பளியைப் பிடுங்கியதும் குழாய் தும்மியது மாதிரி ஒரு கொத்துப் பஞ்சைக் கக்கியது. என்னை வைதுகொண்டேதான் விறகு சுமந்தார். வசவு கேட்பது எனக்குச் சுலபம். பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான் உள்ளே வந்தபோது மனைவி பிளக்கைக் கழற்றி, பின் தகட்டைத் திறந்து, பட்டனைத் தானே அமுக்கி முடித்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. முதல் நான்கு விரிப்புகள் முக்கால் மணியில் காய்ந்து வந்தன. கையில் எடுத்தால் நல்ல தேயிலை மாதிரி சரசரத்தன.

படுக்கை விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை. ஒவ்வொரு மடிப்புக்கும் நடந்து எதிரில் வந்து, முனைகளை அவள் கையில் கொடுக்க வேண்டும். மூன்றாவது விரிப்பில் அப்படி எதிரில் வந்து நின்றபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாத்தையும் பக்கத்து வீட்டுலதான் போய்ச் சொல்லுவீங்களா?"

அதற்குள் போன் அடித்தது. தன் பக்கத்து முனைகளையும் என் கையில் திணித்துவிட்டு அவள் போனை எடுத்தாள். "நான் வரலங்க. வேற ஆளப் பாருங்க. இல்லங்க, வீட்டுல விட மாட்டேங்கிறாங்க" என்றாள். கடைசி வார்த்தைகளை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

விரிப்பு என் கையிலிருந்து மெல்ல நழுவியது.

"விரிப்பத் தூக்கிப் புடிங்க" என்றாள். "தரையில படுது."