எடுத்த இடத்தில் வைக்கப் போன கல்

2002 செப்டம்பர் 4, புதன்கிழமை, காலை ஆறு பத்து. வானம் மூடியிருந்தது. காற்று இல்லை. தூறல் விழும் போலவும் விழாது போலவும் இருந்தது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் அழகர்மலைப் பேருந்தில் ஏறி, மூன்றாவது வரிசை சன்னலோரம் உட்கார்ந்து, மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டேன். பைக்குள் ஒரு கல். எடை ஒரு கிலோ நானூறு கிராம். முந்தின நாள் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தது.

1968இல் நில அளவைத் துறையில் இருந்தபோது, அழகர்மலைக் காப்புக்காட்டின் எல்லையை அளக்கப் போன இடத்தில் அதை எடுத்தேன். கறுப்பும் வெள்ளையுமாக ஒன்பது வரி, ஊடே மாதுளை முத்துப் போலச் சிவப்புப் புள்ளிகள் நாற்பத்தொன்று. அதற்கு வயது எவ்வளவு என்று கூட வந்த புவியியல் அதிகாரியிடம் கேட்டேன்.

"கோடியில போட்டுக்கங்க. எத்தனை கோடின்னு எங்களுக்குள்ளயே தகராறு" என்றார்.

அது முப்பத்துநான்கு ஆண்டுகளாக என் மேசையில் மின்கட்டணச் சீட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது. மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் கண்ணில் அது உறுத்தத் தொடங்கியது. அறுவைச் சிகிச்சை வெள்ளிக்கிழமை. முன்பணமும் கட்டியாகிவிட்டது. தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

"மலைச் சொத்து வீட்டுக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னேன். காவல் தெய்வம் நிக்கிற மலைங்க அது. எடுத்த இடத்துல வச்சுட்டு வாங்க. அப்புறம் நான் ஆஸ்பத்திரிக்கு வாரேன்."

"கல்லுக்கும் கட்டிக்கும் என்னடி சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லேன்னா, வச்சுட்டு வர்றதுல உங்களுக்கென்ன நட்டம்?"

பரணிலிருந்து மஞ்சள் பையை எடுத்துத் தூசி தட்டினேன்.

அடிவாரத்துச் சோதனைச்சாவடியில் அப்போது ஆள் இல்லை. ஏறினேன். முதலில் வரியே இல்லாத கரும்பாறை. ஓடைப் பக்கம் திரும்பியதும் வரிகள் தொடங்கின. பிசைந்த மாவை முறுக்கிப் போட்டது போல மடங்கி மடங்கிக் கிடந்தன. இவ்வளவு கெட்டியான கல் ஒரு காலத்தில் குழைந்து கிடந்திருக்கிறது. வேங்கை மரத்தில் மலையணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டபடி என்னைப் பார்த்தது. கீழே சமவெளியில் கண்மாய்களை எண்ணினேன்: பதினேழு. 1968இல் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தேன். ஐந்து தூர்ந்துவிட்டனவா, மூட்டம் மறைக்கிறதா, தெரியவில்லை.

அறுநூற்றுப் பன்னிரண்டாவது எட்டில் முழங்கால் மடங்க மறுத்தது. இருபது நிமிடம் உட்கார்ந்தேன். மறுபடி பதினான்கு எட்டு வைத்தேன். மார்பு அடைத்தது. நான் கல்லை எடுத்த சிவப்புப் புள்ளிப் பாறை இன்னும் மேலே இருந்தது.

அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் என் காலடிப் பாறையில் ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை. வேலைக்காலம் முழுக்க எல்லைக்கல் நட்டவன், இடம் தப்பிய கல்லை எப்படி வைப்பேன்? நாளை யாரையாவது துணைக்குக் கூட்டி வரலாம் என்று கல்லோடு இறங்கினேன்.

இப்போது சாவடியில் வனக்காவலர் இருந்தார். பக்கத்து டீக்கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் என் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன பெரியவரே இம்புட்டுக் கனம்?"

"கல்லு, தம்பி. திருப்பி வைக்கத்தான் கொண்டுவந்தேன்."

"கேட்டீகளாண்ணே? வைக்க வந்தவரு எதுக்குத் தூக்கிட்டுப் போறாரு?"

"விடுங்க தம்பி" என்றார் டீக்கடைக்காரர். "கெழக்க கிரானைட்டுக்காரன் லாரி லாரியா அறுத்துட்டுப் போறான். பெரியவரு ஊறுகாப் பானைக்குப் பாரம் வைக்கக் கொண்டுபோறாரு."

"அது பட்டா நெலம்ணே. இது காப்புக்காடு. கூழாங்கல்லுன்னாலும் எடுக்கக் கூடாது."

"இந்த எல்லையை அளந்ததே நான்தான் தம்பி."

"அப்ப தெரிஞ்சேதான் எடுத்திருக்கீக."

அபராதம் ஐந்நூறு ரூபாய். கல்லை மட்டுமாவது மேலே வைத்துவிடுங்கள் என்று இரண்டு முறை கும்பிட்டேன். "அது இனி கேஸ் சொத்து. ஆபீஸுக்குப் போயிரும்" என்றார். அந்த அலுவலகம் மலையில் இல்லை, நகரத்துக்குள் இருந்தது.

வீட்டில் "வச்சாச்சு" என்று பொய் சொன்னேன். சட்டையைத் துவைக்க எடுத்தவள் அதன் பையிலிருந்த அபராத ரசீதைப் படித்துவிட்டாள்: காப்புக்காட்டிலிருந்து எடுத்துச் சென்ற கல், ஒன்று.

"போன தடவையாச்சும் யாருக்கும் தெரியாம எடுத்தீங்க. இப்ப சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு."

நடந்ததை நடந்தபடியே சொன்னேன். எனக்கே அது நம்பும்படி இல்லை. வெள்ளிக்கிழமை காலை டாக்டர் குறித்த நேரத்தில் அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லைக் கேட்டு அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். கோப்பு முடியட்டும் என்றார்கள்.

மலைக்குப் போய்வந்த பதினாறாவது நாள் அடுப்படியில் ரத்தப்போக்கோடு மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. என்னிடம்தான் நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவசர அறுவை, ரத்தம் மூன்று பாட்டில், பதினொரு நாள் படுக்கை. பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் கல்லைத்தான் கேட்டாள்.

பேருந்துக் கட்டணம், அபராதம், பறிபோன முன்பணம், ரத்தம், மருந்து எல்லாம் கூட்டினால், அந்தக் கல்லால் எனக்கு ஆன செலவு இருபத்தாறாயிரத்து நானூற்று முப்பத்தேழு ரூபாய்.