டொலர் பார்த்துக் கொழுந்து பறித்த நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை எப்படிப் பறிப்பது என்று தீர்மானிப்பது டொலர். சொன்னால் சிரிப்பீர்கள். ரூபாய் விழுந்து நாடே எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், எங்களை மேய்க்கும் கண்டாக்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் வாசலில் நின்று கத்தினார்.

"இலையப் பாக்காதீங்க, எடையப் பாருங்க! டொலர் ஏறிக் கெடக்கு. எந்தத் தூளுக்கும் இப்ப காசுதான்."

இரண்டு இலை ஒரு மொட்டு என்று இருபது வருஷம் பறித்த கை என்னுடையது. முத்தின இலை, குச்சி எல்லாம் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்தத் தேத்தண்ணியைக் காசு கொடுத்துக் குடித்த வெளிநாட்டுக்காரனை நினைத்தால் இன்றும் பாவமாக இருக்கிறது.

பிறகு ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தது. அதே மனிதர், அதே வாசல்.

"முத்தல் இருந்தா வெளிய கொட்டிருவேன்! டொலர் எறங்கிருச்சு. இனித் தூள் நல்லா இருந்தாத்தான் வெல."

வெட்கங்கெட்ட பேச்சு. ஆனால் கணக்கு எங்களுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் மலைக்கு ஏறும்போது போனில் டொலர் விலையைப் பார்த்துச் சொல்வது என் வேலையானது.

ஒரு வெள்ளிக்கிழமை அது திடீரென்று ஏறியிருந்தது.

"ஏறிருச்சுடி, அள்ளுங்க!" என்றேன். எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பேரும் அள்ளினோம். மத்தியானத்துக்குள் சாக்குகள் நிறைந்துவிட்டன.

மடுவத்தில் கண்டாக்கு முதல் சாக்குக்குள் கையை விட்டார்.

"இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற புல்லா? எல்லாருக்கும் அரைப்பேருதான்!"

அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். மற்ற பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"டொலர் ஏறியிருக்குங்கய்யா."

"ஏ தாயி, இன்னிக்குப் பறிக்கிற கொழுந்து தூளாகி, கொழும்பு ஏலத்துக்குப் போக வாரக்கணக்காகும். அதுக்குள்ள டொலர் எங்க நிக்குமோ, யாரு கண்டா?"

"அத அன்னிக்கே சொல்லியிருக்கணும். எடையப் பாருன்னு கத்துனது யாருங்க? வாங்க, தொரைகிட்டயே கேப்போம்."

தோட்டத்தை நடத்தும் துரையின் பேரைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"லொறி வர ஒரு மணித்தியாலம் இருக்கு. முத்தலப் பொறுக்கி எறிங்க. எட கொறஞ்சாலும் முழுப்பேரு போடுறேன்."

"நீங்களும் ஒக்காருங்க."

"எனக்கு இடுப்பு வலிம்மா."

"எங்களுக்கெல்லாம் இடுப்பே இல்லயாக்கும்!" என்றாள் என் பக்கத்து வீட்டுக்காரி. சிரிப்பில் மடுவமே அதிர்ந்தது.

உட்கார்ந்தார். அவர் எறிந்ததில் பாதி நல்ல கொழுந்து. அதைத் திரும்பப் பொறுக்க இரண்டு பேரைப் போடவேண்டியிருந்தது.

லொறி வந்தபோது தேறியது பாதிக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டு முழுப்பேரையும் அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவர் வாக்கை நம்ப நான் என்ன நேற்றா வேலைக்கு வந்தேன்? நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் வழி முழுக்க அவளுகள் என்னைத் திட்டினார்கள். சிரித்துச் சிரித்துத்தான் திட்டினார்கள்.