சட்டத்தைக் கவ்விய மரை

பை தைக்கும் அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கால் ஊன்றாது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் எங்கும் போவாள். அந்தச் சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் ஒருநாள் இறுகாமல் சும்மா சுற்றியது. சட்டத்துக்குள் பதித்திருந்த சின்ன உலோகக் குழாயில் மரை முழுக்கத் தேய்ந்துவிட்டது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, “சட்டத்தையே மாத்தணும்” என்று கையை விரித்தார்கள்.

“நானே போட்டுக்கறேன்” என்றாள் அக்கா.

“மரை கழண்டது வண்டிக்கா, உனக்கா?” என்று சிரித்தார் அவள் கணவர்.

“தைக்கிற பையில வளையம் அடிக்கிறேன்ல, அது பின்பக்கம் விரிஞ்சு துணியைப் பிடிச்சுக்குது. இதுவும் அதேதாங்க.”

பழைய குழாயைத் துளைபோட்டுத் தட்டி எடுத்தாள். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே மரை வெட்டிய, சற்றுத் தடித்த புதுக் குழாயைச் செருகினாள். நட்டு மாட்டிய போல்ட்டை அதற்குள் திருகி, நட்டை அசையவிடாமல் ஸ்பேனரால் பிடித்தபடி போல்ட்டை இறுக்கினாள். கை கடுத்தது. விடவில்லை. குழாய் உள்ளே நசுங்கி விரிந்து, சட்டத்தைக் கவ்விக்கொண்டது.

சக்கரத்தை மாட்டியதும் கணவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினாள். சக்கரம் இம்மியும் ஆடவில்லை.

சிக்னலில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம், கேட்காமலேயே கணவர் சொன்னார்: “இந்தச் சக்கரம் என் வீட்டுக்காரி மாட்டினதுங்க!”