துரை கார் தெரிந்தெடுத்த நாள்

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவச்சியாக இருந்தபோது, எங்கள் துரைக்குப் புதுக் கார் ஆசை பிடித்தது. துரைக்கு வேகம் வேண்டும்; துரைசானிக்குச் சொகுசு வேண்டும். கொழும்பு விற்பனைக்காரன் இரண்டு கார்களைப் பங்களா வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஒன்று தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது; இரண்டு பேர்தான் உட்காரலாம். மற்றது நீளமானது. பாலாடை நிறத் தோல் இருக்கை, பின்னாலிருப்பவர் தேநீர்க் கோப்பை வைக்கச் சின்ன மேசை. தேயிலை மலையில் குடியிருந்துகொண்டு காருக்குள்ளும் தேநீர் குடிக்காவிட்டால் அந்த அம்மாளுக்கு உயிர் போய்விடும் போலும்.

சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத ஆபீஸ் ஐயாமார் எந்தக் கார் உசத்தி என்று கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள்.

அன்று காலை தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். வலி நீண்டுகொண்டே போக, ரத்தமும் பட ஆரம்பித்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாக வேண்டும். தோட்டத்து லொறி அந்தக் கல் ரோட்டில் குலுக்கியெடுத்துவிடும் என்று பயந்து, பங்களாவுக்கு ஓடிப்போய்க் கார் கேட்டேன்.

துரை சின்னக் காரைக் காட்டினார். "இதிலே படுக்க எடம் இல்லே."

"பெரிய கார்ல படுக்க வைக்கலாங்க."

துரைசானி இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தாள். துரை சொன்னார்: "சீட்டுக் கெட்டுப்போகும். லொறி எடு, போ."

தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு, லொறிக்குள் சாக்கு விரித்து அவளைக் கிடத்தினோம். டிரைவர் பூப்போல ஓட்டினார். பாதி வழியில் பின்னால் ஹோர்ன் அலறியது. துரை அந்த வேகக் காரைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்!

"அம்மா, தொர வர்றாரு. ஒதுங்கவா?"

"ஒதுங்குனா சக்கரம் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கும். நீங்க நேரா போங்க."

டிரைவர் ஒதுங்கவில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று விற்பனைக்காரன் மெச்சிய கார், வளைவுக்கு வளைவு எங்கள் புகையைக் குடித்தபடி மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து வந்தது. ஹோர்ன் மட்டும் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளேதான் பெண் குழந்தை பிறந்து வீறிட்டது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தோம், தாயும் பிழைத்தாள்.

மறுநாள் துரை டிரைவரைக் கூப்பிட்டு, ஏன் வழி விடவில்லை என்று குதித்தார். நான் குறுக்கே போய், "நான்தாங்க ஒதுங்க வேணாம்னு சொன்னேன். உள்ள புள்ள பொறந்துக்கிட்டு இருந்துச்சு" என்றேன். ஆண் குழந்தையா, பெண் குழந்தையா என்றுகூட அவர் கேட்கவில்லை.

"அந்தக் காரு இந்த ரோட்டிலே ஓடாது" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார், ஏதோ எனக்கும் அதில் நட்டம் போல.

கடைசியில் சொகுசுக் காரைத்தான் வாங்கினார்கள். துரைசானி அதில் ஏறிப் பண்டாரவளைக்குக் கேக் வாங்கப் போய்வந்தாள். என் பிள்ளைத்தாய்ச்சிகள் அதற்குப் பிறகும் லொறியில்தான் போனார்கள்.