பச்சைப் பெயின்டுக்குள் மறைந்த அம்புக்குறி

எழுபதுகளின் நடுவில், மழை ஏமாற்றிய ஒரு கார்த்திகையில் கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. பயிர் காய்கிறது, பெரிய மோட்டார் வாங்க உழவு மாடுகளை விற்கப்போகிறோம் என்று அக்கா சரோஜா சொல்லியனுப்பியிருந்தாள். அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. மனசு கேட்கவில்லை.

சென்ட்ரலில் காலை ஏழரைக்கு பாசஞ்சர். நாற்பத்தெட்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் உருண்டது. ஸ்டேஷனிலிருந்து நான்கு கிலோமீட்டர் வாடகை சைக்கிள், மணிக்கு இருபது காசு.

கிணற்றடியில் அக்கா புருஷன் முனுசாமி மாமா நொந்துபோய் நின்றார். "இன்னா மச்சான் பண்றது? பம்பு ஓடிக்கினுதான் கீது, தண்ணி நூலு மாரி வருது. வித்த கடைக்காரரே வந்து பாத்துட்டு மோட்டார் பத்தாதுன்றாரு."

"மாட்ட வித்துட்டு ஏர நான் இழுக்கவா?" என்றாள் அக்கா.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். கடை ஆள் வந்து ஸ்டார்ட்டர் ஒயரை மாற்றியதிலிருந்தாம்! எனக்குச் சுருக்கென்றது. ஆயுத பூஜைக்கு மாமா பம்புக்கு மேலெல்லாம் பச்சைப் பெயின்டு அடித்து, சந்தனம் அப்பியிருந்தார். காசை வைத்துச் சுரண்டினேன். உள்ளே, பம்பு சுற்றவேண்டிய பக்கத்தைச் சொல்லும் அம்புக்குறி வலப்பக்கம் காட்டியது. மோட்டாரின் தண்டு இடப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

பம்புக்குள் இருக்கும் சக்கரம் தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசும். அந்த வேகம், நத்தை ஓடு போல அகலும் கூட்டுக்குள் அடங்கி அழுத்தமாக மாறும். அந்த அழுத்தம்தான் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் தண்ணீர் அதே குழாயில்தான் வரும், ஆனால் சக்கரத்தின் வளைந்த இலைகள் தப்பான பக்கம் தள்ளுவதால் வேகமும் அழுத்தமும் போதாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். மெயினை அணைத்துவிட்டு, மோட்டார் சுற்றும் பக்கம் திரும்புவதற்காக மூன்று ஒயரில் இரண்டை இடம் மாற்றினேன். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் வாய்க்காலில் குதித்து விழுந்தது. மாமா நனைந்துகொண்டே நின்றார்.

எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். திரும்பும் வழியில் பஜாரில் அந்தக் கடைக்காரரைப் பிடித்துக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "தண்ணி வந்துகினுதானே இருந்துச்சு, அப்புறம் இன்னா?" என்றார். ஒரு குடும்பத்தின் ஏர் மாடு கைமாறவிருந்தது, இந்த ஆளுக்கு அது ஒரு பேச்சே இல்லை!

அந்தப் பக்கம் வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒயரில் யார் கை வைத்தாலும், தண்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். பெயின்டு அடியுங்கள், அம்புக்குறியை மட்டும் விட்டுவிடுங்கள்.

மறு வருஷம் ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். அக்கா அந்த அம்பின் முனைக்குப் பார்த்துப் பொட்டு வைத்தாள். பிறகு அதே குங்குமக் கிண்ணத்தோடு தொழுவத்துக்குப் போனாள். இரண்டு மாடும் அங்கேதான் நின்றன.