ஒரே பேனரில் இரண்டு பெரியப்பாக்கள்

நந்திதுர்க்கில் நான் டிசைனராக வேலை பார்க்கும் பேனர் கடையில், டிசைனை இணையத்திலேயே வைத்து வாடிக்கையாளருக்கு லிங்க் அனுப்பும் வழக்கம் வந்த புதிது. அதுவரை ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் தள்ளு" என்று உயிரை எடுப்பார்கள். இனி அவரவர் வீட்டிலிருந்தே தள்ளிக்கொள்ளலாம் என்று முதலாளியம்மாவுக்கு ஏகக் குஷி.

முதல் லிங்க் ஒரு கல்யாண பேனருக்கு. பெண் வீடு பாலகாட், மாப்பிள்ளை வீடு பேத்தமங்களா. நடுவில் மணமக்கள் படம், இரு பக்கமும் இரண்டு வீட்டுப் பெரியப்பாக்கள் படம். இரண்டு வீட்டாரும் திருத்தலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், திரையில் பெண்ணின் பெரியப்பா தானாக வளர்ந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்தோ என்னவோ, மாப்பிள்ளையின் பெரியப்பாவும் உப்பத் தொடங்கினார். மணமக்கள் நடுவில் நசுங்கி, தபால்தலை அளவுக்கு வந்துவிட்டார்கள்.

போன் அடித்தது. பெண்ணின் பெரியப்பா.

"இன்னாம்மா, எம் மூஞ்சி மேல அவரு தோளு வந்து குந்திக்கினு கீது?"

"நாங்க தொடலீங்க. அவங்க வீட்ல இழுக்கறாங்க."

"அப்டியா? நானும் இழுக்கறேன், பாருங்க!"

இழுத்தார். மீசையின் ஒரு பக்கம் பேனரை விட்டே வெளியே போய்விட்டது. முதலாளியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் மேசையில் கவிழ்ந்தார்.

அப்போது மணப்பெண்ணின் பெயரோடு புதிதாக ஓர் அம்புக்குறி உள்ளே நுழைந்தது. ஒரு கிளிக், பெரியப்பா காணோம். இன்னொரு கிளிக், சம்பந்தி பெரியப்பாவும் காணோம். மணமக்கள் படம் விரிந்து பேனரை நிறைத்தது. கமெண்ட் வந்தது: "அக்கா, கல்யாணம் எனக்கு. இதையே அடிங்க."

நான் எழுந்து நின்று கைதட்டினேன். முதலாளியம்மா அவசரமாக எல்லோருடைய அனுமதியையும் 'பார்க்க மட்டும்' என்று மாற்றினார்.

மறுபடியும் போன், அதே பெரியப்பா. "எந் தலை எங்கம்மா போச்சு?"

"பொண்ணு எடுத்துட்டாங்க."

 அவர் வெடித்துச் சிரித்தார். "அவளா எடுத்தா? அப்ப வுடுங்க. கல்யாணத்துக்கு வாங்க ரெண்டு பேரும்."

போனோம். மண்டப வாசலில் பேனருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பெரியப்பாக்களும் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். யார் பேனரை போட்டோ எடுத்தாலும் அதில் அவர்களும் விழுந்தார்கள். எங்களையும் நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். சிரித்த சிரிப்பில் நான் எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருக்கிறேன்.